சரத்தைத் துண்டாக்கும் மடக்குகளும் இட்டரேட்டர்களும்

நிரல்களில் அடிக்கடி எழுதப்படும் மடக்குகளுள் ஒன்று, ஒரு சரத்தை, அதாவது நினைவகத்தில் அடுத்தடுத்து அமைந்த எழுத்துகளின் தொடரை, குறிப்பிட்ட ஒரு குறி வரும் இடந்தோறும் வெட்டித் துண்டுகளாக்கும் மடக்கு ஆகும். அமைப்புக் கோப்புகள், சேவையகங்களின் பதிவேடுகள், விரிதாளிலிருந்து எடுக்கப்படும் அட்டவணைகள், இணைய முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் வரும் பகுதி என, தரவு வரிவரியாக வந்து சேரும் இடமெல்லாம் இந்த வேலை இருக்கிறது. வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டும் காற்புள்ளி, முக்காற்புள்ளி, இடைவெளி போன்ற குறி பிரிப்பான் எனப்படும். வேலை எளிது என்ற எண்ணத்தாலேயே நிரலாளர் பலர் இதற்கெனத் தனியே ஒரு மடக்கைக் கையால் எழுதிவிடுகின்றனர். அவ்வாறு எழுதப்பட்ட மடக்குகள் பார்வைக்குச் சரியாக இருந்தும், ஓரங்களில் பிழை செய்யும் இயல்புடையவையாக இருக்கின்றன.

இப்பிழைகள் எங்கிருந்து வருகின்றன என்பதை ஒரு சிறு சரத்தைக் கொண்டு அருகில் நின்று பார்க்கலாம். ‘அரிசி,உப்பு,,புளி’ என்ற சரம் யூடிஎஃப்-8 முறையில் 45 பைட் நீளம் உடையது. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டும், காற்புள்ளி ஒவ்வொன்றும் 1 பைட்டும் எடுத்துக்கொள்ளும். எண்ணிக்கை 0-இல் தொடங்குவதால், காற்புள்ளிகள் 15, 31, 32 ஆகிய இடங்களில் அமைகின்றன. கையால் எழுதப்படும் மடக்கு இரண்டு மாறிகளை வைத்துக்கொள்கிறது: ஒன்று நடப்புத் துண்டு தொடங்கிய இடம், மற்றொன்று பார்வை இப்போது நிற்கும் இடம். பார்வை 15-ஐ எட்டியதும் 0 முதல் 15-க்கு முன்வரை உள்ளது முதல் துண்டாகிறது, தொடக்கம் 16-க்கு நகர்கிறது. 31-இல் ‘உப்பு’ கிடைக்கிறது, தொடக்கம் 32 ஆகிறது. 32-இல் மீண்டும் காற்புள்ளி நிற்பதால் நீளமே இல்லாத வெற்றுத் துண்டு ஒன்று பிறக்கிறது, தொடக்கம் 33 ஆகிறது. அதன்பின் காற்புள்ளி எதுவும் இல்லாமலே மடக்கு 45-இல் முடிந்துவிடுகிறது. ‘புளி’ இன்னும் கைக்கு வரவில்லை.

கடைசித் துண்டுக்குப் பின் பிரிப்பான் இல்லை என்ற இந்த ஒரு செய்திதான் இவ்வகை மடக்குகளின் தீராத தொல்லை. அதைச் சமாளிக்க, மடக்குக்குள் துண்டின்மேல் செய்த அதே வேலையை மடக்குக்கு வெளியேயும் ஒருமுறை எழுத வேண்டியிருக்கிறது. அவ்வேலை பத்து வரி நீளமானால் பத்து வரியும் இரு இடங்களில் நிற்கும், ஒன்றைத் திருத்துபவர் மற்றொன்றை மறப்பார். வேறு சிலர் சரத்தின் இறுதியில் ஒரு காற்புள்ளியைத் தாங்களே ஒட்டிவிட்டு மடக்கைத் தொடங்குகின்றனர், அதற்காக முழுச் சரமும் ஒருமுறை நகலெடுக்கப்படுகிறது. இன்னும் சிலர் மடக்கைச் சரத்தின் நீளத்துக்கும் ஓரடி தாண்டி ஓடவிட்டு, ‘முடிந்துவிட்டதா, அல்லது காற்புள்ளியா’ என்று ஒரே நிபந்தனையில் கேட்கின்றனர். அவ்விரு கேள்விகளின் வரிசை மாறினால் நிரல் சரத்துக்கு அப்பாலுள்ள நினைவகத்தைத் தொட்டுவிடும். சோதனைக்கு எடுத்துக்கொண்ட சரங்கள் தற்செயலாகக் காற்புள்ளியில் முடிந்திருந்தால், கடைசித் துண்டு விடுபடும் பிழை சோதனையில் சிக்காமலே போய்விடும்.

உண்மையில் இத்தகைய மடக்கில் மூன்று வேலைகள் பின்னிக் கிடக்கின்றன: எல்லையைக் கண்டுபிடிப்பது, எல்லைகளுக்கு இடைப்பட்டதைத் துண்டாக எடுத்துத் தருவது, துண்டை வைத்துச் செய்ய வேண்டியதைச் செய்வது. மூன்றாவது வேலை நிரலுக்கு நிரல் மாறும். முதலிரண்டும் எங்கும் ஒன்றே. மாறாத இரண்டையும் ஒரு பொருளுக்குள் ஒதுக்கி, மாறும் ஒன்றை மட்டும் மடக்கின் உடலாக விட்டுவைக்கும் வழியே இட்டரேட்டர். ‘அடுத்தது என்ன’ என்று கேட்கும்போதெல்லாம் ஒரு மதிப்பையும், தீர்ந்தபின் ‘இனி இல்லை’ என்ற விடையையும் தரும் பொருளுக்கே அப்பெயர். எங்கே நின்றோம் என்ற நினைவு அப்பொருளுக்குள்ளேயே இருக்கும், கேட்பவர் அதைச் சுமக்க வேண்டியதில்லை.

இக்கருத்து புதியதன்று. 1970-களின் நடுப்பகுதியில் எம்ஐடி-யில் பார்பரா லிஸ்கோவும் அவருடைய மாணவர்களும் உருவாக்கிய சிஎல்யூ மொழியில், ஒரு மதிப்பைத் தந்துவிட்டு நின்று, மீண்டும் கேட்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடரும் செயற்கூறுகள் இட்டரேட்டர் என்ற பெயராலேயே இடம்பெற்றிருந்தன. அதே பத்தாண்டில் ரால்ஃப் கிரிஸ்வோல்ட் வடிவமைத்த ஐகான் மொழி, சரங்களை அலசும் வேலையையே மையமாக வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக விடைகளைத் தரும் கோவைகளைக் கொண்டிருந்தது. ஆயினும் அன்றாட நிரலாளர் கைக்கு வந்து சேர்ந்தவை இவை அல்ல. சி மொழியின் ஸ்டிர்டோக் என்ற செயற்கூறே வந்து சேர்ந்தது.

ஸ்டிர்டோக்கும் ஒருவகையில் இட்டரேட்டர்தான். முதல் அழைப்பில் சரத்தை வாங்கிக்கொண்டு முதல் துண்டைத் தருகிறது. அடுத்தடுத்த அழைப்புகளில் சரத்துக்குப் பதில் வெற்றுச் சுட்டைக் கொடுத்தால் எஞ்சிய துண்டுகளை வரிசையாகத் தருகிறது. அதன் குறையெல்லாம், நினைவை வைக்கக்கூடாத இடத்தில் வைத்ததில் இருக்கிறது: எங்கே நின்றோம் என்ற செய்தி நிரல் முழுமைக்கும் பொதுவான ஒரே மறைவிடத்தில் சேமிக்கப்படுவதால், வெளி மடக்கு வரிகளை வெட்டிக்கொண்டிருக்கும்போது உள் மடக்கு அவ்வரியின் புலங்களை வெட்டத் தொடங்கினால், வெளி மடக்கின் நினைவு அழிந்துபோகும். நினைவைக் கேட்பவரே தனி மாறியில் தரும்படி அமைந்த ஸ்டிர்டோக்-ஆர் என்ற வடிவத்தைப் பாசிக்ஸ் தரநிலை பின்னர் ஏற்றது. ஆனால், பிரிப்பான் இருந்த இடத்தில் சுழியை எழுதி மூலச் சரத்தையே சிதைக்கும் பழக்கம் இரண்டு வடிவங்களிலும் உண்டு.

இதைவிடக் கேடானது, அடுத்தடுத்து வரும் பிரிப்பான்களை ஒன்றாகக் கருதி வெற்றுத் துண்டுகளை அது விழுங்கிவிடுவது. யூனிக்ஸ் கணினிகளில் பயனர் விவரங்களைத் தாங்கும் பாஸ்வேர்டு கோப்பின் ஒவ்வொரு வரியும் முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட 7 புலங்களைக் கொண்டது. 5-ஆவது புலம் பயனரைப் பற்றிய குறிப்பு, 6-ஆவது அவருடைய முகப்புக் கோப்புறை, 7-ஆவது அவருக்குரிய ஷெல். குறிப்புப் புலம் பல கணக்குகளில் வெறுமையாகவே இருக்கும். அத்தகைய வரியை ஸ்டிர்டோக்கால் வெட்டினால் 6 துண்டுகளே கிடைக்கும். குறிப்பு இருக்க வேண்டிய இடத்தில் கோப்புறையும், கோப்புறை இருக்க வேண்டிய இடத்தில் ஷெல்லும் வந்து உட்காரும். நிரல் நின்றுவிடாமல் தவறான விடையோடு ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால் இப்பிழையைக் கண்டுபிடிப்பது கடினம். பிஎஸ்டி யூனிக்ஸில் பிறந்த ஸ்டிர்செப் என்ற செயற்கூறு வெற்றுப் புலங்களைத் தக்கவைப்பதற்காகவே எழுதப்பட்டது.

அடுத்து வந்த மொழிகள் பெரும்பாலும் வேறொரு வழியைத் தேர்ந்தன: சரத்தை முழுவதுமாக வெட்டி, எல்லாத் துண்டுகளையும் ஒரு பட்டியலில் அடுக்கித் தரும் ஸ்பிளிட் என்ற செயற்கூறு. பெர்ல், பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவை இவ்வழியில் சென்றன. ஜாவா முதல் பதிப்பில் ஸ்ட்ரிங்டோக்கனைசர் என்ற, வெற்றுத் துண்டுகளை விழுங்கும் பழைய வகைப் பொருளோடு தொடங்கி, 1.4 பதிப்பில் ஸ்பிளிட்டுக்கு மாறியது. கையால் எழுதிய மடக்கோடு ஒப்பிட்டால் இதுவே பெரிய எளிமை. எல்லை காணும் வேலை நூலகத்துக்குள் போய்விட்டது, கடைசித் துண்டை யாரும் மறப்பதில்லை, மடக்கின் உடல் ஒரே இடத்தில் நிற்கிறது. பத்துப் புலங்கள் கொண்ட ஒரு வரியை வெட்டுவதற்கு இதற்குமேல் நுட்பம் தேவையில்லை. அங்கும் பட்டியல் கூடாது என்று வாதிடுவது வீண் கண்டிப்பு.

பட்டியலின் விலை வேறிடங்களில் தெரிகிறது. 40 புலங்கள் கொண்ட வரியில் முதல் மூன்று மட்டுமே வேண்டும் என்றாலும், பட்டியல் வழி 40 துண்டுகளையும் உருவாக்கிவிட்டுத்தான் திரும்பும். கோப்பு முழுவதையும் ஒரே சரமாக ஏற்றி வரிகளாக வெட்டினால், முதல் வரியைப் பார்ப்பதற்கு முன்பே எல்லா வரிகளும் நினைவகத்தில் இரண்டாம் முறை இடம்பிடித்திருக்கும். கேட்கும்போது மட்டும் அடுத்த துண்டைத் தேடும் இட்டரேட்டருக்கு இச்செலவு இல்லை. ரஸ்ட் மொழியின் ஸ்பிளிட் இவ்வகையைச் சேர்ந்தது: அது பட்டியலைத் தருவதில்லை, இட்டரேட்டரையே தருகிறது, பட்டியல் வேண்டுபவர் அதைக் கலெக்ட் என்ற கட்டளையால் வெளிப்படையாகக் கேட்டுப் பெற வேண்டும். பைத்தான் 2001-இல் வெளிவந்த 2.2 பதிப்பிலேயே இட்டரேட்டர்களையும் ஜெனரேட்டர்களையும் மொழிக்குள் கொண்டுவந்துவிட்டபோதிலும், அதன் சரங்களுக்குரிய ஸ்பிளிட் இன்றும் பட்டியலையே தருகிறது. கேட்கும்போது மட்டும் வெட்டும் சோம்பல் முறையை விரும்புவோர் ரெகுலர் எக்ஸ்பிரஷன் தொகுதியின் ஃபைண்டிட்டர் என்ற செயற்கூறை நாடுகின்றனர்.

வெட்டும் இட்டரேட்டரின் உள்ளமைப்பு சிறியது என்றாலும், அதில் ஓர் இடம் கவனத்துக்குரியது. எஞ்சியிருக்கும் சரம் எது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அது வெறுமையானதும் ‘இனி இல்லை’ என்று சொல்லிவிட்டால் போதும் என்றே முதலில் தோன்றும். ‘அரிசி,’ என்ற சரத்தை அவ்வாறு வெட்டினால் ‘அரிசி’ என்ற துண்டுக்குப் பின் எஞ்சுவது வெறுமை. இட்டரேட்டர் அங்கேயே நின்றுவிடும். ஆனால் ஒரு பிரிப்பான் இருந்தால் இரண்டு துண்டுகள் இருக்க வேண்டும், பிரிப்பான்களின் எண்ணிக்கையைவிடத் துண்டுகள் எப்போதும் ஒன்று கூடுதல் என்பதே ஒழுங்கான விதி. ஆகவே ‘எஞ்சியது வெற்றுச் சரம்’ என்பதும் ‘எஞ்சியது எதுவுமில்லை’ என்பதும் வேறுவேறு நிலைகள். இரண்டையும் வேறுபடுத்த, வெட்டும் வேலை முடிந்துவிட்டதா என்று குறிக்கும் தனி மாறி ஒன்று வேண்டும். ரஸ்டின் நூலகத்தில் உள்ள ஸ்பிளிட் இட்டரேட்டர், தொடக்கம், முடிவு ஆகியவற்றோடு இத்தகைய மாறியையும் தன்னுள் வைத்திருக்கிறது. கையால் எழுதிய மடக்கில் வெளியே துருத்தி நின்ற அந்தக் கடைசித் துண்டுச் சிக்கல் இங்கே மறைந்துவிடவில்லை. ஒருமுறை தீர்க்கப்பட்டு, ஒரே இடத்தில் அடைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவே.

வெற்றுத் துண்டுகளை என்ன செய்வது என்பதில் மொழிகள் ஒத்துப்போவதில்லை. பைத்தானில் பிரிப்பானைக் குறிப்பிட்டு வெட்டினால் வெற்றுத் துண்டுகள் எல்லாம் நிற்கும். குறிப்பிடாமல் வெட்டினால் இடைவெளிகள் எத்தனை சேர்ந்து வந்தாலும் ஒன்றாகக் கருதப்பட்டு, வெற்றுத் துண்டு ஒன்றுகூட மிஞ்சாது. அதனால் வெற்றுச் சரத்தைக் காற்புள்ளியால் வெட்டினால் ஒரு வெற்றுத் துண்டும், எதுவும் சொல்லாமல் வெட்டினால் வெற்றுப் பட்டியலும் வருகின்றன. ஜாவாவின் ஸ்பிளிட், பெர்லைப் போலவே, இறுதியில் வரும் வெற்றுத் துண்டுகளைச் சொல்லாமல் நீக்கிவிடும். காற்புள்ளி ஒன்று மட்டுமே உள்ள சரத்தை வெட்டினால் எந்தத் துண்டும் இல்லாத அணியே கிடைக்கும். அவை வேண்டுமானால் வரம்பு என்ற இரண்டாம் உள்ளீடாக எதிர்ம எண்ணைத் தர வேண்டும் என்பது, பயன்படுத்துபவர் தானே ஊகித்தறியும் வகையைச் சேர்ந்ததன்று. ரஸ்ட் இதைப் பெயர்களாலேயே பிரிக்கிறது: ஸ்பிளிட் எல்லாவற்றையும் தரும், ஸ்பிளிட்-ஒயிட்ஸ்பேஸ் வெற்றைத் தராது, ஸ்பிளிட்-டெர்மினேட்டர் இறுதியில் வரும் வெற்றுத் துண்டு ஒன்றை மட்டும் விட்டுவிடும். கொள்கையை மறைவான விதியாக வைப்பதைவிடப் பெயரில் வைப்பது மேல் என்பதில் ஐயமில்லை.

துண்டு யாருக்குச் சொந்தம் என்பது அடுத்த வினா. ஒவ்வொரு துண்டையும் நகலெடுத்துத் தரலாம், அல்லது மூலச் சரத்தின் இன்ன இடம் முதல் இன்ன இடம் வரை என்று சுட்டிக்காட்டும் பார்வையை மட்டும் தரலாம். பார்வை மலிவானது; ஆனால் மூலச் சரம் அழிந்தபின் அதைத் தொட்டால் ஆபத்து, அழியாமல் வைத்திருந்தாலும் வேறொரு செலவு. ஜாவாவில் நெடுங்காலம் ஒரு சரத்திலிருந்து எடுத்த உட்சரம் மூலச் சரத்தின் எழுத்து அணியையே பகிர்ந்துகொண்டது. பெரிய கோப்பிலிருந்து எடுத்த ஐந்தெழுத்துத் துண்டு ஒன்று உயிரோடு இருக்கும்வரை கோப்பு முழுவதும் நினைவகத்தில் தங்கிவிடும் நிலை ஏற்பட்டதால், 2012-இல் வந்த ஜாவா 7-இன் ஆறாம் புதுப்பிப்பில் உட்சரங்கள் நகலெடுக்கப்படத் தொடங்கின. 2017-ஆம் ஆண்டுத் தரநிலையில் ஸ்ட்ரிங்-வியூ என்ற பார்வையைச் சேர்த்த சி++, அதன் ஆயுளைக் காக்கும் பொறுப்பை நிரலாளரிடமே விட்டது. ரஸ்ட் அப்பொறுப்பைக் கம்பைலரிடம் ஒப்படைத்தது: மூலச் சரத்தைவிட அதன் துண்டு நீண்ட நாள் வாழ முயலும் நிரல் அங்கே மொழிபெயர்க்கப்படவே மாட்டாது.

இவ்வினாக்களைச் சரியாகத் தீர்ப்பது எவ்வளவு கடினம் என்பதற்குச் சி++ தரநிலையின் அனுபவமே சான்று. அலெக்சாண்டர் ஸ்டெபானோவின் நூலகம் 1994-இல் தரநிலைக் குழுவால் ஏற்கப்பட்டு, 1998-ஆம் ஆண்டுத் தரநிலை வழியாக இட்டரேட்டர்கள் அம்மொழியின் அடித்தளமாகவே ஆகிவிட்டபோதிலும், சரத்தை வெட்டும் பொதுவான வசதி 2020-ஆம் ஆண்டுத் தரநிலை வரை அதில் இல்லை. அப்போது வந்த ஸ்பிளிட் பார்வையும் எவ்வகைத் தொடரையும் வெட்ட வேண்டும் என்ற பொதுமையை முன்னிறுத்தியதால், அது தந்த துண்டுகளை எளிதில் சரமாகக் கொள்ளவோ எண்ணாக மாற்றவோ இயலவில்லை. சரத்தை வெட்டவே பெரும்பாலோர் நாடும் கருவி சரத்துக்கே உதவவில்லை. 2021-இல் அது திருத்தப்பட்டு, திருத்தம் 2020 தரநிலைக்கும் பின்னோக்கிப் பொருந்துமாறு ஏற்கப்பட்டது. பழைய வடிவம் லேசி-ஸ்பிளிட் என்ற வேறு பெயருக்கு மாற்றப்பட்டது.

கோ மொழி எதிர்த்திசையிலிருந்து இதே இடத்துக்கு வந்தது. தொடக்கம் முதல் பட்டியலைத் தரும் ஸ்பிளிட்டோடு வாழ்ந்த அம்மொழி, 2022-இல் 1.18 பதிப்பில் சரத்தை முதல் பிரிப்பானில் இரண்டாக மட்டும் வெட்டும் கட் என்ற செயற்கூறைச் சேர்த்தது. செயற்கூறுகளின்மேலும் மடக்கு ஓடலாம் என்ற வசதி 2024-இல் 1.23 பதிப்பில் வந்தபின், 2025-இல் 1.24 பதிப்பு ஸ்பிளிட்-சீக், லைன்ஸ் போன்ற சோம்பல் வடிவங்களைத் தந்தது. இவற்றுள் கட் தனியே குறிப்பிடத்தக்கது. ‘பெயர்=மதிப்பு’ என்ற வடிவில் உள்ள வரிக்கு மடக்கே தேவையில்லை; இரண்டு பகுதிகளும், பிரிப்பான் இருந்ததா என்ற விடையும் போதும். ரஸ்டில் ஸ்பிளிட்-ஒன்ஸ், பைத்தானில் பார்ட்டிஷன் ஆகியவை இதே பணியைச் செய்கின்றன. மடக்கை எளிதாக்கும் முயற்சியில் இறங்குபவர், அது முதலில் மடக்காக இருக்க வேண்டுமா என்று கேட்டுக்கொண்டால் பல மடக்குகள் அங்கேயே மறைந்துவிடும்.

துண்டுகள் இட்டரேட்டராக வருவதன் மற்றொரு பயன், அவற்றின்மேல் வேறு இட்டரேட்டர்களைத் தொடுக்க முடிவது. ‘12, 7, 30’ என்ற வரியிலுள்ள எண்களைக் கூட்ட வேண்டும் என்றால், ரஸ்டில் காற்புள்ளியால் வெட்டு, ஓர இடைவெளியை நீக்கு, எண்ணாக மாற்று, கூட்டு என்ற நான்கு படிகள் நான்கு அழைப்புகளாக அடுத்தடுத்து நிற்கும். கூட்டுத்தொகையைப் பிழை கலந்த வகையாகக் கேட்டால், எண்ணல்லாத முதல் துண்டைச் சந்தித்த இடத்திலேயே வேலை நின்று, பிழை வெளியே வந்துவிடும். இச்சங்கிலி ஏழெட்டுக் கண்ணிகளுக்கு நீண்டு, ஒவ்வொரு கண்ணியிலும் பெயரில்லாச் செயற்கூறு ஒன்று தொங்கத் தொடங்கினால், சாதாரண மடக்கின் உடலுக்குள் நான்கு வரி எழுதுவதே படிக்க எளிது. இட்டரேட்டரைப் பயன்படுத்துவதற்கும் மடக்கை ஒழிப்பதற்கும் கட்டாயத் தொடர்பு ஏதுமில்லை. எல்லை காணும் வேலை மடக்கிலிருந்து வெளியேறினால் போதும்.

தமிழ்ச் சரங்களை வெட்டுபவர் அறிய வேண்டியது ஒன்றுண்டு. 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வடிவமைத்த யூடிஎஃப்-8 முறையில், காற்புள்ளி போன்ற ஆஸ்கி குறிகளுக்குரிய பைட் எதுவும் தமிழ் எழுத்தின் பைட்டுகளுக்கு நடுவே வராது; எனவே பைட் பைட்டாகப் பார்த்துக் காற்புள்ளியில் வெட்டினாலும் தமிழ் எழுத்து சிதையாது. எழுத்தெழுத்தாக வெட்டும்போது நிலைமை வேறு. ‘கி’ என்பது ககரமும் இகரக் குறியுமாக இரண்டு யூனிகோடு குறியீடுகளால் ஆனது. பைத்தானின் மடக்கும், கோ மொழியின் மடக்கும், ரஸ்டின் கேர்ஸ் என்ற இட்டரேட்டரும் அவ்விரண்டையும் தனித்தனியே தரும். ஸ்விஃப்ட் மொழியின் சரமோ இயல்பாகவே ‘கி’-யை ஒரே எழுத்தாக எண்ணுகிறது. முன்சொன்ன மூன்று மொழிகளில் அதற்கெனத் தனி நூலகம் வேண்டும்.

பிரிப்பானால் வெட்டும் இட்டரேட்டர் எதுவும் கடக்க முடியாத எல்லை, பிரிப்பானின் பொருள் சூழலைப் பொறுத்து மாறும் தரவு. சிஎஸ்வி என வழங்கும் காற்புள்ளிக் கோப்புகளில், இரட்டை மேற்கோளுக்குள் வரும் காற்புள்ளி பிரிப்பான் அன்று; 2005-இல் வெளியான ஆர்எஃப்சி 4180 விவரிக்கும் வடிவத்தில் மேற்கோளுக்குள் வரி முறிவும் வரலாம் என்பதால், முதலில் வரிகளாகவும் பின்னர் புலங்களாகவும் வெட்டும் இரண்டடுக்கு மடக்கு எவ்வளவு நேர்த்தியாக எழுதப்பட்டாலும் தவறிப்போகும். பைத்தானின் சிஎஸ்வி தொகுதி இதற்குச் சரியான அமைப்பைக் காட்டுகிறது: அதன் ரீடர் வரிகளைத் தரும் எந்த இட்டரேட்டரையும் உள்ளீடாக ஏற்று, மேற்கோள் மூடப்படாமல் வரி முடிந்தால் அடுத்த வரியைத் தானே கேட்டு வாங்கி, முழுமையான பதிவுகளை இட்டரேட்டராகவே வெளியே தருகிறது. மேற்கோள் வரக்கூடிய கோப்பைக் காற்புள்ளியால் வெட்டும் நிரலைத் திருத்தப் புகுபவர், மடக்கை அழகாக்குவதில் நேரத்தைச் செலவிடாமல், அதை நீக்கிவிட்டு இத்தகைய ரீடர் ஒன்றைப் பொருத்துவதே சரி.